டப்பிங் கலவையை வீட்டிலேயே தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தம் இங்கிலாந்தின் யார்க்ஷயருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு டிரவுட் மீனும் ஃப்ளையும் அறிமுகம். குளிர்கால இரவுகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஃப்ளை கட்டுவதும், அதற்கான மயிர்க்கலவையைத் தயார் செய்வதும் இப்போது பழக்கமாகிவிட்டன. ஊரில் இருக்கும் நண்பர்கள் தொலைபேசியில் கேட்டவையும், இங்கே ஆற்றங்கரையில் கேட்கப்பட்டவையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவையும் கீழே இருக்கின்றன.

டப்பிங் என்றால் படத்துக்குக் குரல் கொடுப்பதுதானே?

இது வேறு. "ஞாயிற்றுக்கிழமை முழுக்க டப்பிங் வேலை" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, எந்தப் படம், எந்த நடிகருக்கு என்ற விசாரணைக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன்.

தூண்டில் முள்ளில் நூல், இறகு, மயிர் ஆகியவற்றைக் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. அதன் உடம்பை உருவாக்க, மெழுகிட்ட நூலின்மீது மயிரையோ செயற்கை இழையையோ கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் திரிக்கிறோம். விளக்குக்குப் பஞ்சுத் திரி திரிப்பது போலத்தான். இங்கே நடுவில் ஒரு நூல் இருக்கிறது, அவ்வளவே. அப்படித் திரித்த நூலை முள்ளின்மீது சுற்றினால் பூச்சியின் உடம்பு வந்துவிடும். அந்த மயிருக்குத்தான் டப்பிங் என்று பெயர்.

கடையில் நூறு நிறத்தில் பொட்டலம் கிடைக்கும்போது நாமே ஏன் கலக்க வேண்டும்?

பணம் மிச்சமாகும் என்பதற்காக என்றால் வேண்டாம். மிச்சமாவது கொஞ்சம்தான், அதையும் மயிர் வாங்கியே செலவழித்துவிடுவீர்கள்.

கடைப் பொட்டலத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது மேசை விளக்கின்கீழ், காய்ந்த நிலையில், வாங்குகிற மனிதனின் கண்ணுக்கு அழகாகத் தெரியும்படி தயாரிக்கப்படுகிறது. மீன் அதைப் பார்ப்பது நனைந்த நிலையில், மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெளிச்சம் ஊடுருவி வரும்போது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

இன்னொன்று: ஒரே சாயத்தில் முக்கியெடுத்த மயிர் ஒற்றை நிறமாக, சுவரில் அடித்த பெயின்ட் போலத் தட்டையாக இருக்கும். உயிருள்ள பூச்சி எதுவும் அப்படி இருப்பதில்லை. மஞ்சள், பழுப்பு, சாம்பல், துளி ஆரஞ்சு என நாலைந்து நிறங்களை இழை இழையாகக் கலந்தால், சற்றுத் தள்ளிப் பார்க்கும்போது அவை ஒரு நிறமாகச் சேர்ந்து தெரியும். ஆனாலும் அந்த நிறம் அசைந்துகொண்டே இருக்கும். கடைக் காப்பிப் பொடி குடிக்கக்கூடியதுதான். ஆனாலும் கொட்டை எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று நின்று சொல்லி அரைத்து வாங்குகிறவர்கள் நம் ஊரில் ஏன் இன்னும் இருக்கிறார்கள்? காரணம் ஏறக்குறைய அதுதான்.

ஒரு நல்ல கலவையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மூன்று வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, பிடிப்பு. மெல்லிய, சுருண்ட அடிமயிர் இல்லாவிட்டால் எதுவும் நூலில் நிற்காது. வளர்ப்பு முயலின் அடிமயிர் இதற்கு மிக எளிதில் கிடைப்பது. இரண்டு, முள்முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மேல்மயிர். பூச்சியின் கால், செவுள், அசைவு எல்லாவற்றையும் இதுதான் காட்டுகிறது. அணிலிலும் காட்டு முயலிலும் இது நிறைய உண்டு. மூன்று, மினுக்கம். செயற்கை இழை சிறிதளவு.

நிம்ஃப் எனப்படும் மூழ்கும் ஃப்ளைகளுக்கு நான் தொடங்கும் அளவு: அடிமயிர் ஆறு பங்கு, மேல்மயிர் மூன்று பங்கு, மினுக்கம் ஒரு பங்கு. இந்த மூன்றாவது பங்கில்தான் எல்லோரும் கை தவறுகிறார்கள். காய்ந்திருக்கும்போது "இன்னும் கொஞ்சம் மின்னினால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். உப்பு போட்ட பிறகு எடுக்க முடியாது என்பது இதற்கும் பொருந்தும்.

காட்டு முயலின் முகத்தோல் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து எப்படி எடுப்பது?

பழைய ஃப்ளைகளில் தங்கக் கம்பி சுற்றிய முயல்காது ஃப்ளையை விடப் பேர்பெற்றது எதுவும் இல்லை. அதற்கான சரக்குதான் உங்கள் கையில் இருக்கிறது. முழுத்தோலையும் சுரண்டி ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். அந்தச் சின்ன முகத்துக்குள் நாலைந்து வகை மயிர் இருக்கிறது.

காதிலிருந்து தொடங்குங்கள். காதுமயிர் நாலைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். விறைப்பாக, கறுப்பும் பழுப்பும் பட்டையடித்த மாதிரி இருக்கும். அதில் அடிமயிர் ஏறக்குறைய இல்லை. அதனால் தனியாக எடுத்துத் திரித்தால் நூலைவிட்டுப் பொலபொலவென உதிரும். "எனக்கு மட்டும் ஏன் வரவில்லை" என்று முதல் குளிர்காலம் முழுக்க நான் நொந்துகொண்டது இதனால்தான். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மயிர் நீளமாகவும் வெளிறியும் இருக்கும். அங்கே அடிமயிர் தாராளம். நெற்றியில் கருமை கூடுதல். மூக்கை ஒட்டிய மயிர் குட்டை. சிறிய முட்களுக்கு ஏற்றது.

கூர்மையான சிறு கத்தரிக்கோலைத் தோலோடு படுக்கவைத்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனித் தாளில் வெட்டிக் குவியுங்கள். பிறகு கன்னத்திலிருந்து இரண்டு சிட்டிகை, காதிலிருந்து ஒரு சிட்டிகை, வெளிர்பழுப்பு வளர்ப்பு முயல் அடிமயிர் அரைச் சிட்டிகை. இதை விரலாலேயே பிய்த்து அடுக்கிப் பிய்த்து அடுக்கிக் கலக்கலாம். 14ஆம் எண் முள்ளுக்கு இதைவிட நல்ல கலவை எனக்குத் தெரியாது. நெற்றிமயிரைக் கூட்டினால் கருமை ஏறும். அதைத் தனி டப்பாவில் வைத்து, மழை பெய்து ஆறு கலங்கிய நாளுக்கான ஃப்ளைகளுக்குப் பயன்படுத்துகிறேன்.

மிக்ஸியில் போட்டு அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் அந்த ஜாரில் பிறகு சட்னி அரைக்கக் கூடாது. நான் முதலில் வீட்டிலிருந்த சின்ன ஜாரைத்தான் எடுத்தேன். கலவை அருமையாக வந்தது. மூடியை உடனே திறந்ததில் சாம்பல்நிற முயல்மயிர் அடுப்பு, தட்டு, ஆறவைத்திருந்த சோறு எல்லாவற்றின்மீதும் பனிபோல இறங்கியது. மறுநாள் பழைய பொருள் கடையில் எனக்கென்று தனியாக ஒரு காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி வாங்கிக்கொண்டேன்.

செய்முறை இதுதான். இழைகளை 2 சென்டிமீட்டருக்குமேல் இல்லாதபடி முதலில் வெட்டிக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் அலகின் தண்டில் சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும், மோட்டாரும் சூடாகும். ஜாரில் கால்வாசிக்குமேல் நிரப்ப வேண்டாம். தொடர்ந்து ஓட்டாமல், இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். அங்கே அரைபடுவது எதுவுமில்லை. காற்றுச் சுழலில் இழைகள் பறந்து ஒன்றோடொன்று கலக்கின்றன, அவ்வளவுதான். ஏழெட்டு முறை போதும். நின்ற பிறகு ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள். நுண்மயிரை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டிருக்கும்போது மயிர் ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு இறங்க மறுக்கும். நிலைமின்சாரத்தின் வேலை. விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரே ஒரு துளி தெறித்துவிட்டால் அடங்கிவிடும்.

கருவி எதுவும் இல்லாமல் செய்ய முடியாதா?

முடியும், நன்றாகவே வரும். ஒரு கண்ணாடிப் புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, அதில் உங்கள் மயிர் வகைகள். மூடிக் குலுக்குங்கள். தண்ணீரில் இழைகள் பிரிந்து மிதந்து சீராகக் கலக்கும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தால் மெல்லிய அடைபோல வரும், பிய்த்துப் பயன்படுத்தலாம். தண்ணீர் கொதிக்கக் கூடாது. ஆட்டுமயிரிலும் முயல்மயிரிலும் இருக்கும் செதில்கள் சூட்டிலும் உலுக்கலிலும் ஒன்றையொன்று கவ்விக் கம்பளித் துண்டாக இறுகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

நீளமான இழைகளுக்கு, அதாவது சிறு மீனைப் போலக் கட்டும் பெரிய ஃப்ளைகளுக்கு, நாய்க்குச் சீவும் கம்பிப் பிரஷ் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் இழைகளை அடுக்கி மற்றொன்றால் இழுத்துச் சீவுங்கள். பிறகு திசை மாற்றிச் சீவுங்கள். பஞ்சைப் பன்னுவது என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான். ஏழெட்டு முறை சீவினால் போதும். இழையின் நீளம் வெட்டுப்படாமல் அப்படியே நிற்கும் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

எவ்வளவு நேரம் கலக்க வேண்டும்?

முழுக்கச் சீராக ஆகும் முன்னரே நிறுத்துங்கள். அங்கங்கே ஒரு நிறம் சற்றுத் தூக்கலாகத் தெரிவதுதான் உயிர்.

நிறம் சரியாக வந்திருக்கிறது என்று எப்படி முடிவு செய்வது?

நனைத்துப் பார்த்துத்தான். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம். ஒரு சிட்டிகை கலவையை விரலில் திரித்து, தண்ணீரில் முக்கி, ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காய்ந்தபோது மணல்நிறமாக இருந்தது நனைந்ததும் தேன்நிறமாகிவிடும். வெளிர்சாம்பல் ஈயநிறமாகும். இறங்குவது ஒரு படியா இரண்டு படியா என்பது மயிருக்கு மயிர் மாறும். ஆகவே மனக்கணக்கு போடாதீர்கள், நனையுங்கள். என் மேசையில் எப்போதும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும்.

அடுத்தது நூல். டப்பிங் மெல்லியதாக இருந்தால் நூலின் நிறம் உள்ளிருந்து ஒளிரும். எங்கள் பக்கத்தில் வாட்டர்ஹென் ப்ளோவா என்று ஒரு பழைய ஃப்ளை உண்டு. வெளிர்மஞ்சள் பட்டுநூலில் அகழெலியின் சாம்பல்நிற மயிரை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தூவித் திரிப்பார்கள். முன்னால் தாழைக்கோழியின் சிறகடியிலிருந்து ஓர் இறகு. ஆம், நம் ஏரிகளில் சம்பங்கோரைக்கு நடுவே தலையாட்டிக்கொண்டு நீந்தும் அதே தாழைக்கோழிதான். அந்த உடம்பை நனைத்துப் பார்த்தால் மஞ்சளும் இல்லை, சாம்பலும் இல்லை; இரண்டுக்கும் நடுவே, இளங்குருத்து போன்ற ஓர் ஆலிவ். கலவை என்பது மயிரும் மயிரும் சேர்வது மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, நூலும் ஒரு சரக்குதான் என்று காட்டியது அந்த ஃப்ளை.

ஆலிவ் நிறத்தைச் சாயமாகத் தேடி அலைய வேண்டியதில்லை. மஞ்சளில் சாம்பலோ கொஞ்சம் கறுப்போ கலந்தால் ஆலிவ். அதில் பழுப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் இலையுதிர்கால ஆலிவ். சிவப்பும் மஞ்சளும் நீலமும் சமமாகக் கொட்டினால் மட்டும் சேற்று நிறம் வரும். ஆறாவது நிறத்தைச் சேர்க்கக் கை நீளும்போது எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கட்டுநர்கள் கலவையை ரகசியமாக வைத்திருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். டெவன் மாவட்டத்தின் டிவர்ட்டன் ஊரில் ஆர். எஸ். ஆஸ்டின் என்று ஒரு புகையிலைக் கடைக்காரர் இருந்தார். 1900ஆம் ஆண்டையொட்டி அவர் ஒரு ஃப்ளையை உருவாக்கினார். அது மீனை அள்ளியது. ஜி. இ. எம். ஸ்கியூஸ் என்ற புகழ்பெற்ற தூண்டில்காரர் அதற்கு "டப்ஸ் இன்டிஸ்பென்சபிள்" என்று பெயர் வைத்தார். டப் என்பது அங்கத்து வழக்கில் செம்மறிக் கிடாய். "கிடாய்க்கு இன்றியமையாதது" என்று பொருள் கொள்ளலாம். எந்த இடத்து மயிர் என்று ஊகித்துவிட்டீர்கள்: விதைப்பையின் மயிர்தான். எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீர் எளிதில் இறங்காது, இயற்கையிலேயே மஞ்சள் படிந்தது. அதனோடு வெளிர்மஞ்சள் ஸ்பேனியல் நாயின் மயிர், பாலேட்டு நிறச் சீல் (கடல்நாய்) மயிர் என்று சேர்த்தார். பின்னாளில் துளி செந்நிறமும் கலவையில் இடம்பிடித்தது. ஆஸ்டினும் அவருக்குப் பிறகு அவர் மகளும் கட்டி விற்றுவந்த காலம் வரை, தெரிந்த சிலரும் வாய் திறக்கவில்லை. அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு அல்லவா.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. ஹென்ட்ரிக்சன் என்ற ஃப்ளைக்கு, பெண் சிவப்பு நரியின் அடிவயிற்றில் மூத்திரம் பட்டுப்பட்டு இளஞ்சிவப்பேறிய மயிர்தான் வேண்டும் என்று ஆர்ட் ஃப்ளிக் என்பவர் பிடிவாதமாக இருந்தார். இன்று அதே நிறத்தைப் பாலேடு, பழுப்பு, இளஞ்சிவப்பு மூன்றும் கலந்து நாகரிகமாகச் செய்துகொள்கிறோம்.

சாட்விக்ஸ் 477 கம்பளி நூலுக்கு மாற்று உண்டா?

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், கில்லர் பக் என்ற எளிய ஃப்ளையைச் செப்புக் கம்பியின்மீது இந்தக் கம்பளி நூலைச் சுற்றிக் கட்டினார். காலுறை ஓட்டை தைக்கும் சாதாரண நூல் அது. தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. எஞ்சிய பழைய அட்டைகளை இன்று பழம்பொருள்போல விலை பேசுகிறார்கள்.

அதன் மாயம் காய்ந்திருக்கும்போது தெரியாது. பார்த்தால் சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு, அவ்வளவே. நனைந்து செப்புக் கம்பியின் மேல் படிந்ததும் உள்ளே ஓர் இளஞ்சிவப்பு ஊறி வரும், நன்னீர் இறாலின் உடம்பைப் போல. நான் கலப்பது: மணல்நிற ஆட்டுமயிர் ஐந்து பங்கு, வெளிர்சாம்பல் மூன்று, மங்கிய இளஞ்சிவப்பு ஒன்று. பிரஷ்ஷில் சீவி, செம்பு நிறக் கம்பியின்மேல் சுற்றுகிறேன். அசல் 477 வைத்திருக்கும் ஒருவர் இரண்டையும் கிண்ணத்தில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிரேலிங் மீன்கள் அப்படி எதுவும் செய்யவில்லை.

சீல் மயிர் வேண்டும் என்று பழைய செய்முறைகளில் இருக்கிறதே?

கிடைப்பது கடினம். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் கதவை மூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சீல் பொருள்களின் வணிகத்துக்குத் தடை விதித்தது. அந்த மயிரின் சிறப்பு, விறைப்பும் கண்ணாடி போன்ற ஊடொளியும். அங்கோரா ஆட்டின் மயிரைப் பெருவெட்டாக வெட்டி, பத்தில் ஒரு பங்கு ஆண்ட்ரான் கலந்தால் பெரும்பாலும் அதே விளைவு கிடைக்கிறது. ஏங்க வேண்டியதில்லை.

ஆண்ட்ரான் என்றால் என்ன?

டியூபாண்ட் நிறுவனம் கம்பள விரிப்புகளுக்காகத் தயாரித்த நைலான் இழை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் மூன்று மடல்களோடு இருக்கும்; அந்த முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் மினுக்கம். கேரி லாஃபான்டெய்ன் என்ற அமெரிக்கர், கேடிஸ் என்ற நீர்ப்பூச்சி கூட்டுப்புழு நிலையிலிருந்து மேலே வரும்போது அதன் தோலுக்குள் இருக்கும் காற்றின் பளபளப்பை இந்த இழை காட்டுகிறது என்று சொல்லி 1980களின் தொடக்கத்தில் இதைப் பிரபலமாக்கினார். பழைய கம்பளத் துண்டிலிருந்து இழை உருவி நானும் பார்த்திருக்கிறேன். எல்லாக் கம்பளமும் இந்த இழையால் ஆனதல்ல.

மிதக்கும் ஃப்ளைக்கு எந்தக் கலவை?

எடை அடர்த்தியைப் பாருங்கள். தண்ணீரை 1 என்று வைத்தால் பாலிபுரொப்பிலீன் ஏறக்குறைய 0.9, நைலான் 1.14, ஆட்டுமயிர் 1.3, பாலியெஸ்டர் 1.38. தானாக மிதப்பது பாலிபுரொப்பிலீன் மட்டும்தான். ஆனாலும் முள்ளின் இரும்பைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு அந்தச் சிட்டிகை இழையில் பலம் இல்லை. ஃப்ளை மிதப்பது பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு இழுவிசையாலும், நீங்கள் பூசும் எண்ணெயாலும். டப்பிங்கின் பங்கு, தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது.

அதற்கு நீரில் வாழும் விலங்குகளின் அடிமயிர் பொருத்தம்: பீவர், மஸ்க்ரட். குளிர்நீரில் தோல் நனையாமல் இருக்கவே அவற்றுக்கு அவ்வளவு அடர்த்தியான அடிமயிர் வாய்த்திருக்கிறது. இதில் மேல்மயிரைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். நுனியைப் பிடித்து உருவினால் மேல்மயிர் மட்டும் கையோடு வரும். பஞ்சு போன்றது கீழே தங்கும். பீவர் பாதி, நறுக்கிய பாலிபுரொப்பிலீன் நூல் பாதி என்பது என் வழக்கம். வளர்ப்பு முயல்மயிரை இங்கே கொண்டுவராதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சும். மூழ்கும் ஃப்ளைக்கு அது நல்லதாக இருப்பதற்கும் அதே குணம்தான் காரணம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சரக்குக்கு எங்கே போவது? டிரவுட் இருக்கிறதா முதலில்?

நீலகிரியில் இருக்கிறது. மீனியலாளர் பிரான்சிஸ் டே 1863இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட முயன்று பார்த்துப் பலிக்கவில்லை. பிறகு எச். சி. வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகு வானவில் டிரவுட் நிலைத்தது. மீன்பிடிக்க முறையான அனுமதி வாங்க வேண்டும்.

சரக்குக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, நம் நாட்டுக் காட்டு முயலையும் நீர்நாயையும் கீரியையும் காக்கிறது. சாலையில் அடிபட்டுக் கிடந்தது, யாரோ கொடுத்தார்கள் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வளர்ப்பு முயல் போதும். இறைச்சிக்கு முயல் வளர்க்கும் பண்ணைகளில் சோவியத் சின்சில்லா என்றொரு இனம் உண்டு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும் வளர்க்கிறார்கள். அதன் மயிரை ஊதிப் பாருங்கள்: அடியில் ஈயச்சாம்பல், நடுவில் வெளிறிய வளையம், நுனியில் கறுப்பு. காட்டு முயலுக்கு இதைவிட நெருங்கிய மாற்று கிடையாது. பண்ணையில் தோலை எறியத்தான் போகிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள். நீலகிரிக்கென்றே மென்மயிர்ச் செம்மறி இனம் ஒன்றும் இருக்கிறது. மற்றபடி பின்னல் கடையின் மிச்ச நூல், சணல், வீட்டு நாய்.

நாய்மயிரா?

ஆஸ்டின் செய்தபோது நாம் செய்யக் கூடாதா? லாப்ரடார் நாயின் அடிமயிர், கோடையில் சீப்பில் கற்றை கற்றையாக வருவது, மிக நல்ல சரக்கு. ஷாம்பு போட்டு அலசிக் காயவையுங்கள். பூனைமயிர் இன்னும் மெல்லியது. பூனையின் ஒத்துழைப்புதான் கேள்விக்குறி.

வீட்டிலேயே சாயம் போடலாமா?

மயிர், கம்பளி எல்லாம் புரதம். கம்பளிக்கான அமிலச் சாயமும் வினிகரும் போதும். முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கொதிக்கவிடாமல் மெல்லச் சூடேற்றி, தண்ணீர் தெளியும்வரை வைத்து, அதிலேயே ஆறவிட வேண்டும். மஞ்சள்தூள் எந்தத் துணைப்பொருளும் இல்லாமல் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். மருதாணி வெளுக்காது, வெள்ளை முயல்மயிரைச் செங்காவி கலந்த ஆரஞ்சாக்கும், நேரம் கூடினால் பழுப்பு. ஊரிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவருவேன். சுங்க அதிகாரி கேட்டால் தலைக்கு என்று சொல்வேன், அதுவும் பொய்யில்லை. பாலிபுரொப்பிலீனுக்கு மட்டும் எந்தச் சாயமும் பிடிக்காது, நிறமாகவே வாங்குங்கள்.

என் கலவை நூலில் நிற்காமல் உருண்டு விழுகிறது.

பெரும்பாலும் அதிகமாக எடுத்துவிட்டீர்கள். எடுத்ததில் பாதியை வைத்துவிடுங்கள். கையில் இருப்பதிலும் பாதியை வைத்துவிடுங்கள். இனித் திரியுங்கள். ஒரே திசையில் திரிக்க வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் முதல் உருட்டலை இரண்டாவது அவிழ்த்துவிடும். தேன்மெழுகை நூலுக்குத் தடவுங்கள், மயிருக்கு வேண்டாம். இழை முள்ளுக்கு அளவாக இருக்கிறதா பாருங்கள்: 18ஆம் எண் முள்ளுக்கு அரை சென்டிமீட்டர் போதும். எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பது தெரியும்தானே.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் முள்மயிர் மிகுந்த கலவை அது. நூலை இரட்டையாக்கி, நடுவில் மயிரைப் பரப்பி, முறுக்கிவிடுங்கள். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் லைசன்ரிங் இரண்டு பட்டிழைகளுக்கு நடுவே மயிரை வைத்துத் தன் கால்சட்டைத் தொடைமேல் உருட்டி, உடம்புகளை முன்கூட்டியே தயாரித்து, வெட்டுவிளிம்புள்ள அட்டைகளில் மாட்டி வைத்துக்கொள்வாராம். கார்த்திகைக்கு முந்தின வாரம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து தொடையில் திரி உருட்டிய பாட்டிமார் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இருவருக்கும் பேச மொழி தேவைப்பட்டிருக்காது.

புற ஊதா ஒளியில் மின்னும் டப்பிங் வாங்கலாமா?

விற்பவருக்கு நல்லது.

மயிரில் பூச்சி வராமல் எப்படி வைப்பது?

வெளியிலிருந்து வரும் எந்த மயிரையும் கழுவி, முழுக்கக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போக மூடி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் அதில் சாகும். அதன் பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இதில் சோம்பல்பட்டு ஒரு முழு முகத்தோலையும், அதன் பக்கத்தில் இருந்த இறகுகளையும் சேர்த்து இழந்திருக்கிறேன். மிஞ்சியது மணல்போலக் கொஞ்சம் தூசி.

நன்றாக வந்த கலவை மறுமுறை அதேபோல் வருவதில்லையே?

எழுதி வைக்கவில்லை, அதனால்தான். நகை எடைபோடும் சிறிய தராசு ஒன்று, 0.01 கிராம் வரை காட்டுவது, இப்போது மலிவாகவே கிடைக்கிறது. கலந்ததும் ஒரு சிட்டிகையைச் சிறிய அட்டையில் ஒட்டி, எடைகளை எழுதி, பக்கத்தில் நனைந்தபோது தெரிந்த நிறத்தையும் ஒரு சொல்லில் குறியுங்கள். என் குறிப்பேட்டில் "ஆறிய தேநீர்", "பழைய வெண்கலம்", "பலாச்சுளை, கொஞ்சம் அழுகியது" என்றெல்லாம் இருக்கிறது. எண்ணைவிடச் சொல்தான் எனக்கு அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது.

எத்தனை கலவை வைத்துக்கொள்ள வேண்டும்?

என்னிடம் முப்பத்தேழு டப்பா இருக்கின்றன. ஆற்றுக்குப் போகும் பெட்டியில் இருக்கும் ஃப்ளைகள் எல்லாம் ஐந்தில் கட்டியவை: முயல்முகம், அதன் கருமையான தம்பி, ஆலிவ், 477க்கு மாற்று, மிதப்பதற்குப் பீவர் சாம்பல். மீதி முப்பத்திரண்டும் குளிர்காலத்துக்கு.